‘ஆர்?’ என்று கேட்காத நேர்காணல்

சென்ற மாதம் உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள்: ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்யும் நேர்காணலை எவ்வளவு தூரம் நம்பலாம்? கோப்பியைக் குடித்துக்கொண்டே பொதுவாக ஏதோ சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் ஒன்று உண்டு. அது என் பிழையோடு சேர்ந்தது என்பதால் சொல்லாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மனநல வெளிநோயாளர் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் உளவியலாளராக இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டாகிறது. அந்த இருபத்தாறில் பெரும்பகுதியும் அங்கே தமிழில் நேர்காணல் செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான். இங்கேயே பிறந்து இரண்டு மொழியிலும் வேலை செய்யும் நீங்கள் இப்போது ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். நான் செய்த பிழையை ஒரு நோர்வேஜியரால் செய்ய முடியாது. அதைச் செய்ய எங்கள் ஆளாக, ஒரு ஈழத்தமிழராக இருக்கவேண்டும். ஆகவே உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கு இந்த நேர்காணலைப் பழக்கியவர் ஒரு வயதான நோர்வேஜிய மருத்துவர். பேச்சுக் குறைவு. ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு எங்களைத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்வார். போட்டு முடியும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. ஒருநாள் எட்டுப் பேரும் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தோம். மகிழ்வார் என்று பார்த்தோம். அவர் தாள்களை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “எட்டு மணிக்கூடும் ஒரே நேரம் காட்டுகிறது. நேரம் சரியென்று அதை வைத்துச் சொல்லமுடியாது. எட்டுக்கும் ஒரே ஆள் சாவி கொடுத்திருக்கலாம்.” கெட்டிக்காரப் பேச்சு என்று குறித்து வைத்துக்கொண்டேன். குறித்து வைத்ததோடு சரி.

அந்தப் பெண்ணை வதனி என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். நகரின் கிழக்கே ஹவுகன்ஸ்டுவாவில் இருந்தார், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கணவரைப் பிரிந்திருந்தார். நித்திரை இல்லை, வேலையிடத்தில் சட்டென்று கோபம் வருகிறது என்று குடும்ப மருத்துவர் எங்களிடம் அனுப்பியிருந்தார். ஏழு வயது மகள் யாருடன் இருப்பது என்று அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. கணவர் நகரின் தெற்கே பியோர்ண்டாலில் தன் பெற்றோருடன் இருந்தார். அவரும் பிள்ளையைக் கேட்டார். எங்கள் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும் என்று வதனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் ஆட்கள் வந்தால் நான் எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவேன். “ஊரிலை எந்த இடம்?” இது எங்களுக்குள் வணக்கம் மாதிரி. கேட்டால் முகம் மலரும், ஒரு சொந்தம் வந்துவிடும், பிறகு கேள்விகள் இலகுவாகும். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு தொழில் நுட்பம் இது என்று நினைத்திருந்தேன். நோர்வே சக ஊழியர்களுக்கு ஒருமுறை இதைப் பற்றி உரைகூட ஆற்றியிருக்கிறேன்.

வதனியின் முகம் மலரவில்லை. கதிரையின் நுனியில் இருந்தபடி கேட்டார்: “சேருக்கு இஞ்சை கன பேரைத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியாத ஆக்கள் ஒஸ்லோவிலை இல்லை. பயப்பிடாதையுங்கோ” என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைப்பு.

அவர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அது நான் இரண்டு வருடம் தங்கிப் படித்த ஊர். சொன்ன விதத்தில் ஏதோ இடறியது. அதன்பின் நான் செய்ததை எந்தப் பாடப்புத்தகமும் அனுமதிக்காது. “பள்ளிக்கூட வாசலிலை ஒரு பெரிய புளியமரம் நிண்டது. இன்னும் நிக்குதோ?” என்று கேட்டேன். அங்கே புளியமரம் நின்றதே இல்லை.

“ஓம், நிக்குது” என்றார் வதனி.

பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் சொல்கிறார் என்று யோசித்திருக்க வேண்டும். ஊரைச் சொன்னால் எங்கள் ஆட்கள் “எந்தப் பக்கம்?” என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் தகப்பன் பெயரைக் கேட்பார்கள். மூன்றாவது கேள்வியில் உங்கள் சாதியைக் கையில் வைத்திருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானும் அந்த வரிசையில்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்; தகப்பன் வாத்தியார், தமையன்மார் இருவர் கனடாவில் என்பதுவரை வந்திருந்தேன். ஆனால் அன்று எனக்கு அது ஒரு அறிகுறியாகத்தான் பட்டது. ‘தன்னைப் பற்றிய தகவலை மற்றவர் தனக்கு எதிராகப் பயன்படுத்துவார் என்று அஞ்சி மறைத்தல்’ என்று ஒரு குறி எங்கள் தாளில் உண்டு. இரண்டு என்று போட்டேன். இரண்டுதான் உச்சம்.

நேர்காணல் ஒரே நாளில் முடியவில்லை. மிச்சத்துக்கு இரண்டு வாரம் தள்ளி நாள் கொடுத்தேன். இடையில் ஒரு கலியாண வீடு வந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்கு எந்த வீடு சொந்தம் என்று அவரிடம் கேட்கலாம்.

“மச்சான், அந்த ஊரிலை ஒரு வாத்தியாற்றை மகள், தமையன்மார் ரெண்டு பேர் கனடாவிலை, இஞ்சை ஹவுகன்ஸ்டுவாவிலை இருக்கிறா. ஆராயிருக்கும்?”

“ஏன் அத்தான், உங்கடை மோனுக்குப் பாக்கிறியளோ?” என்று சிரித்தார்.

“விசர்க் கதை கதையாதை. சும்மாதான்.”

“சும்மா கேக்கிற ஆள் நீங்கள் இல்லை. பொறுங்கோ, ரெண்டு நாளிலை சொல்லுறன்.”

அவர் சொன்னபடியே செய்தார். இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்து, அந்த ஊரில் அப்படி ஒரு வாத்தியார் இல்லையென்றும், அவர்கள் உண்மையில் எந்த ஊர் என்றும், எந்தப் பக்கம் என்றும் சொன்னார். நான் பெயரைச் சொல்லவில்லையே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நான்கு விவரங்களைச் சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்களுக்கு அது முழு விலாசம். சில சந்தர்ப்பங்களில் நெருங்கியவர்களிடம் தகவல் கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. நோயாளி எழுத்தில் சம்மதித்தால் மட்டும். நான் அதைத்தான் கொஞ்சம் ‘சுருக்கமாக’ச் செய்தேன் என்று மனதுக்குள் பெயர் வைத்தேன்.

இரண்டாம் முறை வதனி வந்தபோது இன்னும் இறுக்கமாக இருந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை. நான் தாளில் உள்ளபடி கேட்டேன்: “மற்ற ஆக்கள் உங்களுக்கு ஏதும் கெடுதல் செய்யப் பாக்கினம் எண்டு உங்களுக்குப் படுறதோ?”

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “என்னைப் பற்றி விசாரிச்சுக் கொண்டு திரியினம் சேர். போன சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். ஒரு அம்மா வந்து, நீங்கள் இன்ன ஊராமே, நாங்கள் வேறை எல்லோ நினைச்சனாங்கள் எண்டு கேட்டவ. நாலு பேருக்கு முன்னாலை. இனி நான் அங்கை போகமாட்டன்.”

அந்த இடத்தில் நான் கேட்கவேண்டிய கேள்விகள் தாளில் அச்சடித்திருக்கின்றன. யார்? எப்படித் தெரியும்? வேறு விளக்கம் ஏதும் இருக்குமா? இந்த நேர்காணலின் உயிரே அந்தத் துணைக்கேள்விகளில்தான். ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். அன்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனேன்.

அன்று மாலை மதிப்பெண் போட்டேன். அந்தக் குறி இப்படித் தொடங்கும்: ‘போதிய ஆதாரம் இல்லாமல், மற்றவர் தன்னை ஏமாற்றுவதாக, தனக்குத் தீங்கு செய்வதாகச் சந்தேகித்தல்’. நான் இரண்டு போட்டேன். ஆதாரம் நான்தான் என்று தெரிந்துகொண்டு போட்டேன்.

தெரிந்துகொண்டா என்று கேட்பீர்கள். தெரியாமல் செய்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லி வந்தேன். மனிதனுக்கு ஒன்று தெரிந்தும் இருக்கும், அதை அவன் பார்க்காமலும் இருப்பான். பிறரிடம் இதைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அன்று நான் என்னைச் சமாளித்த விதம் இது: மச்சான் எனக்குத்தானே சொன்னார், வேறு யாருக்குச் சொல்லப்போகிறார், இந்தப் பெண் சொல்வது வேறு ஏதாவதாக இருக்கும். இப்படி நினைக்க அரை நிமிடம் போதுமாக இருந்தது.

ஏழு குறிகளில் நான்கு இருந்தால் சந்தேக ஆளுமைக் கோளாறு. அது நான்காவது.

எங்கள் பிரிவில் ஒருவர் போடும் மதிப்பெண்ணை இன்னொருவர் தனியே சரிபார்க்கவேண்டும். நல்ல விதி. சரிபார்த்தவர் ஒரு நோர்வேஜியப் பெண், என்னைவிடக் கவனமானவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் மூன்று வாரம் ஆகும், நீதிமன்றம் அவசரப்படுத்துகிறது. “நானே எழுதித் தருகிறேன்” என்றேன். ஒலிப்பதிவைக் கேட்டு நோர்வே மொழியில் எழுதிக் கொடுத்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கதை நீண்டுபோகிறது என்று பட்டது. சுருக்கினேன். ‘தன்னைப் பற்றிப் பலர் விசாரிப்பதாக நோயாளி கூறுகிறார்’ என்று ஒரு வரி. அவர் தனியறையில் இருந்து மதிப்பெண் போட்டார். என்னுடைய தாளையும் அவருடைய தாளையும் பக்கத்தில் வைத்தோம். ஏழும் ஒத்துப்போயின.

அவர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். மணிக்கூடு இரண்டுக்கும் சாவி கொடுத்தவன் நான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நீதிமன்றம் பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்தது. தாய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு. கோளாறு என்ற சொல் மட்டும் அந்த முடிவை எடுத்தது என்று சொல்லமாட்டேன். கணவரின் வழக்கறிஞர் எங்கள் அறிக்கையில் கோளாறு என்ற அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். வதனி எங்களிடம் சிகிச்சைக்குத் திரும்பி வரவில்லை. ‘அவநம்பிக்கை காரணமாக நிறுத்திக்கொண்டார்’ என்று கோப்பில் எழுதினேன்.

இரண்டு வருடம் போனது. ஆரணி எங்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே பிறந்த பிள்ளை, இருபத்தெட்டு வயது. வேலையில் எல்லோரையும் முதற்பெயரால் அழைப்பதுதான் இந்த நாட்டு வழக்கம். அவரும் நோர்வே மொழியில் என்னை என் பெயரால் அழைப்பார். தமிழில் பேசும்போது நான் ‘அங்கிள்’ ஆகிவிடுவேன். புதியவர்களுக்கு நேர்காணல் பழக்க நான் வைத்திருந்த பதிவுகளில் வதனியினதும் ஒன்று. பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் கையெழுத்து வைத்திருந்தார். இரண்டு பேர் முழுதாக ஒத்துப்போன எடுத்துக்காட்டு என்று பெருமையாக அதை ஆரணியிடம் கொடுத்தேன். மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மதியம் அவர் என் அறைக் கதவைத் தட்டினார்.

“அங்கிள், நான் ஒப்தாக்கைக் கேட்டனான். முழுக்க. ரெண்டு தரம்.” பதிவைத்தான் அப்படிச் சொன்னார்.

“எப்பிடி?”

“ரான்ஸ்லேஷனிலை தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை.”

“அது விவரம். முக்கியமில்லை எண்டு விட்டனான்.”

“ஓம்... பிறகு ஒரு இடத்திலை பதினொரு செக்கன் ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் மெஷின் நிண்டுபோச்சு எண்டு நினைச்சனான்.”

ஆரணி கதவைச் சாத்திவிட்டு, நோர்வே மொழிக்கு மாறி, என் பெயரைச் சொல்லி அழைத்துக் கேட்டார்: “விசாரிக்கிறார்கள் என்று அவர் சொன்னதும், யார் என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?”

‘அங்கிள்’ என்று கூப்பிட்டுக்கொண்டு அதைக் கேட்க வாய் வரவில்லை என்று பின்னொரு நாள் சொன்னார்.

நல்ல பதில்கள் கைவசம் இருந்தன. நேரம் போதவில்லை, நோயாளி களைத்திருந்தார், இப்படி. அவர் எதையும் நம்பியிருப்பார் என்று நினைக்கவில்லை. “எனக்குப் பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை” என்றேன். பிறகு கலியாண வீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “இதை நீங்கள் சொல்லுவீங்களோ, நான் சொல்லவேணுமோ?” என்று தமிழில் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

சொல்ல நான்கு மாதம் எடுத்தேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வெட்கமான பகுதி அந்த நான்கு மாதம்தான். நேர்காணலில் செய்தது அரை நிமிடக் கோழைத்தனம். இது நாட்காட்டி பார்த்துச் செய்தது. கோடை விடுமுறை முடியட்டும் என்றேன். பிறகு பிரிவுத் தலைவர் புதிதாக வந்திருக்கிறார், பழகட்டும் என்றேன். ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம்தானே என்று ஒருநாள் எண்ணினேன். அந்த நான்கு மாதத்தில் அந்தப் பிள்ளை எட்டோ ஒன்பதோ தடவைதான் ஹவுகன்ஸ்டுவாவுக்கு வந்து போயிருக்கும். ஆரணி ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் கதவடியில் ஒரு கணம் நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். ஒரு திங்கட்கிழமை அவர் நிற்காமல் போனார். அன்று பின்னேரமே தலைவரிடம் போனேன்.

தலைவர் மேற்பார்வை அலுவலகத்துக்கு எழுதினார். நானும் எழுதினேன். பழைய பதிவை ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் முழுதாக எழுதினார், மௌனம் உட்பட. என்னைத் தெரியாத இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். அவர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் இரண்டு குறி இருப்பதாகச் சொன்னார், மற்றவர் ஒன்று என்றார். நான்கு என்று யாரும் சொல்லவில்லை. கோளாறு என்பது நீக்கப்பட்டது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அது போதாது என்று நினைத்தேன். ஆனால் மேலதிகமாகக் கேட்டு வாங்கவும் இல்லை.

வதனியை அழைத்து நேரில் சொல்லவேண்டும் என்று தலைவர் சொன்னார். தானும் கூட இருப்பதாகச் சொன்னார். வதனி காலை வேலை முடிந்து வந்தார். இந்த முறை மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நான் ஊரைக் கேட்கவில்லை.

“அண்டைக்கு உங்களைப் பற்றி விசாரிச்சது நான்தான்” என்றேன்.

“தெரியும் சேர்.”

“எப்பயிருந்து?”

“ரெண்டாம் தரம் உங்களிட்டை வரேக்கையே தெரியும். உங்கடை மச்சான் என்ரை சின்னம்மாவுக்குப் போன் எடுத்தவர். ஆருக்கு வேணும் எண்டு சின்னம்மா கேக்க, அத்தான் கேட்டவர் எண்டு சொல்லிப்போட்டார்.” கொஞ்சம் சிரித்தார். “அவருக்கு ஒஸ்லோவிலை எத்தினை அத்தான்? எனக்குத் தெரிய நீங்கள் ஒராள்தான்.”

“அப்ப அண்டைக்கே நேரை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான்தானே. உங்கடை முகத்தைப் பாத்துத்தான் சொன்னனான், விசாரிக்கினம் எண்டு. ஆர் எண்டு கேப்பியள், அப்ப சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் பேப்பரைப் பிரட்டினீங்கள்.”

தலைவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

“பிள்ளை?” என்று கேட்டேன்.

“பத்தாகப் போகுது. அங்கை அப்பம்மாவோடை பழகிட்டாள். இஞ்சை வந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பையை அடுக்கத் தொடங்கீடுவாள்.” அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. என்னால்தான் அவரைப் பார்க்க முடியவில்லை.

வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வழக்கறிஞர்கள் பேசி, ஒரு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே என்று முடிவானது. இரண்டு வருடமும் எட்டு மாதமும் போனது போனதுதான். அந்தக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேர்காணல் நம்பகமானதா? இருவர் ஒத்துப்போனால், அந்த இருவருக்கும் தகவல் எந்த வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள். உங்கள் நோயாளியின் பேச்சை நீங்களே மொழிபெயர்த்துச் சரிபார்ப்பவருக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வாரம் காத்திருங்கள், நீதிமன்றம் காத்திருக்கட்டும். உங்கள் முன்னால் ஒருவர் இறுகிப்போய் இருந்தால், அவருக்கு அது எல்லா இடத்திலும் உள்ள குணமா, உங்களைக் கண்டதால் வந்ததா என்று பாருங்கள். எங்கள் சமூகம் சிறியது. எங்களைக் கண்டால் இறுகுவதற்குக் காரணம் உள்ளவர்கள் உண்டு. நீங்கள் துணைக்கேள்வியைக் கேட்காமல் விட்ட இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் குறிக்கு மதிப்பெண் போடாதீர்கள். நான் அப்படிச் செய்திருந்தால் குறி மூன்றோடு நின்றிருக்கும்.

மச்சானோடு இதைப் பற்றி ஒருதரம்தான் பேசினேன். “நீங்கள் கேட்டியள், நான் சொன்னனான். இதிலை என்ன?” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கேட்டவன் நான்.

இதை எழுதுமுன் வதனியிடம் அனுமதி கேட்டேன். ஆருக்காக எழுதுகிறேன் என்று தொலைபேசியில் கேட்டார். சொன்னேன்.

“எழுதுங்கோ சேர். படிக்கிற பிள்ளையள் பாக்கட்டும்” என்றார். பிறகு, “என்ரை ஊரை மட்டும் போடாதையுங்கோ.”

போடவில்லை.